ரூனா சொன்ன வாழ்த்து

ரூனா வாயைத் திறந்ததும், காட்டோரம் கூடியிருந்த பன்னிரண்டு பேரும் கப்சிப் ஆகிவிட்டார்கள்.

அவள் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதில் முதன்முதலாக மூஸ் மான் வேட்டைக்கு வந்திருக்கிறாள். ஆரஞ்சுத் தொப்பி போட்ட வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கிளம்பத் தயாரானதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல், "எல்லாருக்கும் நல்ல வேட்டை அமையட்டும்!" என்று கத்திவிட்டாள்.

"போச்சு!" என்று தலையில் கைவைத்தார் வேட்டைத் தலைவர் ஹோகன். "வேட்டைக்குப் போறவங்கள யாராவது வாழ்த்துவாங்களா? அப்புறம் ஒண்ணுமே கிடைக்காதும்மா. திட்டித்தான் அனுப்பணும்!"

"இன்னிக்கு வெறுங்கைதான்" என்று பெருமூச்சு விட்டார் சிவப்புத் தாடி வைத்த ஸ்டூரே.

ரூனாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லையே! பன்னிரண்டு வீட்டிலும் குளிர்காலம் முழுக்க இந்த இறைச்சியைத்தான் சமைப்பார்கள். அதை அவளே கெடுத்துவிட்டாளா?

"இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார் ஹோகன். "இந்த வருஷம் குட்டிகளைச் சுடுறதுக்கான அனுமதி தீர்ந்துபோச்சு. குட்டியையும் தொடாதீங்க, குட்டியோட இருக்கிற தாயையும் தொடாதீங்க."

ரூனாவின் அம்மா மரித் அவளை அழைத்துக்கொண்டு நடந்தாள். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு மரப்பரண் இருந்தது. இருவரும் ஏணியில் ஏறி, பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"இனிமே பேசக்கூடாது. சரியா?" என்றாள் அம்மா.

"ஒரு வார்த்தைகூட பேச மாட்டேன். சத்தியமா!"

சொல்வது சுலபம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே மூக்கு அரித்தது. பிறகு கால் மரத்தது. பையில் இருந்த ஏலக்காய் ரொட்டி வேறு கமகமவென்று மணந்தது. காகிதத்தைப் பிரித்தால் சரசரக்குமே! ரூனா எச்சிலை விழுங்கிக்கொண்டு, சதுப்பில் பழுத்துக் கிடந்த சிவப்புப் பழங்களை எண்ணினாள். நாற்பது வரை எண்ணியிருப்பாள்.

தூரத்தில் ஸ்டூரேயின் வேட்டைநாய் குரைத்தது.

அடுத்த நிமிஷம் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் மூஸ் வெளியே வந்தது. அடேயப்பா, குதிரையைவிடப் பெரியது! அது சத்தமே இல்லாமல் நின்று காதுகளைத் திருப்பியது.

அம்மா அவசரப்படவில்லை. முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தாள். குட்டி எதுவும் தெரியவில்லை. மெல்லத் துப்பாக்கியைத் தூக்கினாள்.

ரூனாவின் மனசு துள்ளியது. இது மட்டும் கிடைத்துவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது! வாழ்த்தினால் கெட்டுப்போகும் என்பதெல்லாம் சும்மா என்று ஆகிவிடும்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் இரண்டு சின்னக் காதுகள் அசைந்தன. பரணின் தூண் மறைத்ததால், அம்மா இருந்த பக்கத்திலிருந்து அது தெரியவில்லை.

பேசினால் மூஸ் ஓடிவிடும். வேட்டை போய்விடும். கொடுத்த வாக்கும் போய்விடும். எல்லாரும், "பார்த்தியா, ரூனாவாலதான்!" என்பார்கள்.

ரூனா அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, குட்டி இருக்கு!"

அம்மாவின் விரல் நின்றது. மூஸ் திடுக்கிட்டுத் திரும்பி, ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. அதன் பின்னாலேயே, கால் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, தடுமாறித் தடுமாறி ஓடியது குட்டி.

அம்மா துப்பாக்கியைக் கீழே வைத்தாள். ரூனாவை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். "நல்லவேளை, பேசினே கண்ணு" என்றாள்.

மத்தியானம் எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, குச்சியில் குத்திய சாசேஜ் இறைச்சியைச் சுட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"மரித், உன் பக்கம்தானே நாய் துரத்துச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டார் ஹோகன்.

அம்மா பதில் சொல்வதற்குள் ரூனா எழுந்துவிட்டாள். "நான் பேசிட்டேன் மாமா. அதான் ஓடிருச்சு. அதுக்கு ஒரு குட்டி இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரியல."

ஹோகன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"குட்டியா! தாயைச் சுட்டிருந்தா இன்னிக்கு எனக்கு ஒரு வாய் காப்பிகூட இறங்கியிருக்காது" என்றவர், நன்றாக வெந்திருந்த தன் சாசேஜை ரூனாவிடம் நீட்டினார். "உனக்கு நல்ல கண்ணு. அடுத்த சனிக்கிழமையும் வந்துடு."

"வரட்டும், வரட்டும். ஆனா அந்த வாய்க்கு மட்டும் ஒரு பூட்டு வாங்கணும்!" என்றார் ஸ்டூரே. எல்லாரும் சிரித்தார்கள். ரூனாதான் அதிகமாகச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரும் கிளம்பும்போது, ரூனா ஒரு மரக்கட்டையின் மேல் ஏறி நின்றாள். வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்ததை உரக்கச் சொன்னாள்:

"உங்க பூட்ஸெல்லாம் ஓட்டையாகட்டும்! உங்க காப்பியெல்லாம் ஆறிப்போகட்டும்! ஒரு முயல் வால்கூட உங்க கண்ணுல படாம போகட்டும்!"

பன்னிரண்டு ஆரஞ்சுத் தொப்பிகளும் ஒரே நேரத்தில் மேலே உயர்ந்தன.

"ரொம்ப நன்றி, ரூனா!"