எண்பதாவது நிமிடம்

அன்று மாலை தாஷ்கண்டில் ஞானசீலனும் ஞானசீலனும் மோதினார்கள். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. தோஹாவிலும் அதே கதை. அசல் ஞானசீலன் வியாசர்பாடியில் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன உப்புமாவைக் கிளறியபடி இரண்டையும் பார்த்தார். அறுபத்திரண்டு வயது. வேலை போய் ஆறு வருடம்.

அவருடைய வேலையைப் பறித்தது அவரேதான். இந்தியக் கால்பந்து அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆண்டில், ஆய்வுக்கூடத்தார் சிலர் மூன்று மாதம் அவர் தலையில் உணரிகளை ஒட்டி, ஒன்பதாயிரம் ஆட்டச் சூழல்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பதிந்துகொண்டார்கள். மதியைப் படியெடுத்த அந்த நகலுக்கு மதிப்படி என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. பெஞ்சில் வைத்தால் போதும். வீரர்கள் காதில் செருகியிருக்கும் காதுமணிக்குள் பேசும், ஆளை மாற்றும், கோபித்துக்கொள்ளாது, யாரிடமும் எதுவும் கேட்காது. நாற்பத்தொரு நாடுகள் வாங்கின. துணைப் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்காத பெட்டிக்கு யோசனை சொல்ல ஆள் எதற்கு?

ஒரே மூளை இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் எவனும் ஜெயிக்க மாட்டான் என்பது அப்போது எந்த மேதைக்கும் தோன்றவில்லை. வரிசையாகச் சமன். அரங்குகள் காலியாயின. கடைசியில் சம்மேளனச் செயலாளர் வெங்கடரமணி போன் செய்தார்.

"உங்களத் தோக்கடிக்க உங்களவிட்டா யாரு இருக்கா ஞானசீலன்? ஒரே ஒரு மேட்ச். ஜெயிச்சீங்கன்னா பெஞ்ச் உங்களுது. இல்லேன்னா பெட்டியே போதும்னு கமிட்டி முடிவு பண்ணிடும்."

ஞானசீலன் உடனே ஒத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் அவரை அழைத்து யாரும் எதையும் கேட்டதில்லை.

ஆட்டம் கொல்கத்தாவில். எதிரே உஸ்பெகிஸ்தான் பெஞ்சில் பெட்டி மட்டும் இருந்தது. பெட்டிகள் வந்தபின் மாற்று வீரர்களும் பிசியோக்களும் கோலுக்குப் பின்னால் தடுப்புக்குள் காத்திருப்பதே வழக்கமாகிவிட்டது. நீளமான பெஞ்சில் ஒற்றை ஆளாக உட்கார ஞானசீலனுக்கு என்னவோ போலிருந்தது. பிசியோ மெகருன்னிசாவைக் கூப்பிட்டு, "இங்க வந்து குந்தும்மா," என்றார்.

எண்பதாவது நிமிடம் வரை கோல் இல்லை. இனி பெட்டி என்ன செய்யும் என்று அவருக்கு அத்துப்படி. முன்கள ஆளை எடுத்துவிட்டுத் தடுப்பாளரை இறக்கும். மஸ்கட்டில் ஒருமுறை, துணைப் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு அவர் எண்பதாவது நிமிடத்தில் துணிந்து தாக்கப்போய், இரண்டு கோல் வாங்கித் தோற்றார். திரும்பும் பஸ்ஸில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து அவர் யாரையும் யோசனை கேட்டதில்லை. எண்பதுக்குமேல் தாக்கியதும் இல்லை. அடுத்த வருடம்தான் உணரிகளை ஒட்டினார்கள்.

அவர் நினைத்தபடியே எதிரணியில் தடுப்பாளர் இறங்கினார். அதே நொடியில் தன் கையும் தடுப்பாளரை அழைக்க உயர்ந்திருப்பதை ஞானசீலன் கவனித்தார். பெட்டிக்குள் இருந்த பயம் இங்கேயும் பத்திரமாக இருந்தது. கையை இறக்கினார்.

"மெகரும்மா, நீ இன்னா நெனைக்கிற?"

"என்னையா சார் கேக்குறீங்க? எனக்கு முட்டியும் தசையும்தான் தெரியும்."

"அத்தச் சொல்லு."

"அவங்க ரைட் பேக் பத்து நிமிஷமா இடது காலத் தாங்கித் தாங்கி ஓடுறாரு சார். அந்தப் பக்கமா வேகமா ஒருத்தர் போனா, அவரால சட்டுன்னு திரும்ப முடியாது."

ஞானசீலன் இருப்பதிலேயே வேகமான ஓட்டக்காரனை அந்தப் பக்கம் இறக்கினார். எண்பத்தேழாவது நிமிடத்தில் பந்து வலைக்குள் இருந்தது. அன்று பஸ்ஸில் எல்லாரும் அவரோடு பேசினார்கள். தூங்கிவிட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று விழித்தபடியே வந்தார்.

மறுவாரம் ஆய்வுக்கூடத்தார் மறுபடி உணரிகளோடு வந்தார்கள். பயிற்சியாளரின் முடிவெடுக்கும் முறை சம்மேளனத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

"பெஞ்ச் எனக்குன்னு சொன்னீங்களே," என்றார் ஞானசீலன்.

"உங்களுக்குத்தான். புதுப் பெட்டி மேல உங்க பேரப் போட்டிருக்கோம்," என்றார் வெங்கடரமணி.

புதுப் பதிப்பை அறுபது நாடுகள் வாங்கின.

முதல் ஆட்டம் தாஷ்கண்டில். வியாசர்பாடியில் ஞானசீலன் டிவியைப் போட்டார். எண்பதாவது நிமிடத்தில் பெட்டி வீரர்களுக்குக் கட்டளையிடுவதை நிறுத்தியது. வெளியே கேட்கும்படி, அவருடைய குரலில், "நீ இன்னா நெனைக்கிற?" என்றது. பெஞ்சில் ஒருவரும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. எதிர்ப் பெஞ்சில் இருந்த பெட்டியும் அதையே கேட்டது. இருபத்திரண்டு பேரும் காதுமணியில் கைவைத்துக் கட்டளைக்காக மைதானத்தில் நின்றார்கள்.

ஞானசீலன் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஏழாம் நம்பரப் பாரு, மூச்சு வாங்குறான்," என்று பதில் சொல்ல ஆரம்பித்தார். பெட்டி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது.