வலது இடுப்பு

பேருந்து நிறுத்தத்திலிருந்து அவளையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தவரின் சட்டையில் பட்டன் தப்பான பக்கத்தில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் தையல்காரி. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலரைப் பார்க்கிற ரகம். ஆண்கள் சட்டைக்குப் பட்டன் வலப்பக்கம், அது நுழைகிற காஜா இடப்பக்கம். எந்தக் கத்துக்குட்டியும் முதலில் கற்றுக்கொள்கிற விஷயம். இங்கே அப்படியே மாறியிருந்தது. நம்மைப் போல ஒரு நொட்டாங்கைக்காரி தைத்திருப்பாள் என்று நினைத்தபோது, அத்தனை களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு இடது கைதான் ஓடும். வேலை தலைக்கு மேல் கிடக்கிற நாட்களில் கை தன் போக்கில் காஜாவை வலப்பக்கம் எடுத்துவிடும். அதற்காக முதலாளியிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

அவள் கல்யாணமே அந்தத் தப்பில் விளைந்ததுதான். பக்கம் மாறித் தைத்துவிட்ட சட்டை ஒன்று கடை மூலையில் கிடந்தது. வேறு எதற்கோ வந்த ஒரு வாடிக்கையாளன் அதை எடுத்துப் போட்டுப் பார்த்து, "இதுதாங்க எனக்குக் கைக்கு வாகா இருக்கு. இனிமே இப்படியே தச்சுக் குடுங்க" என்றான். எல்லாரும் திட்டிய தையலைத் தேடி வந்த ஒரே மனிதன். அவள் மனசு அவன் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது. அவனும் அவளை நல்லபடியாகத்தான் வைத்திருந்தான். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, ஒரே வாரம், அவளும் குழந்தையும் மட்டும் மிஞ்சினார்கள்.

சாவுக்கு அவன் பக்கத்து ஆட்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. போன் போட்டுச் சொன்னபோது அவனுடைய அக்கா அழக்கூட இல்லை. "எங்க தம்பி எங்கயும் போகலம்மா. இங்கதான் இருக்கான்" என்றாள். துக்கத்தில் மனம் பேதலித்துப் பேசுகிறாள் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்போது அந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள்.

"பெரியப்பாகிட்ட வா" என்று சட்டைக்காரர் கை நீட்டினார். அவர் அவள் கணவனின் அண்ணன். குழந்தை வரமாட்டேன் என்று அவள் வலது இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டது. அதற்கு இரண்டு வயது. உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி என்று பெயர் வைத்துவிட்டான் அப்பன், அதுவே நின்றுவிட்டது. வலது இடுப்புதான் பட்டாணியின் இடம். அம்மாவின் இடது கைக்கு எப்போதும் வேலை இருக்கும். ஒரு கட்டைவிரலை வாயில் போட்டு, மறு கையால் அம்மாவின் வலது காது மடலை நெருடிக்கொண்டே இருந்தால் உலகத்தில் அதற்கு வேறெதுவும் வேண்டாம்.

வருகிற வழியெல்லாம் அதைச் சமாளித்ததில் அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. இரண்டு தரம் வாந்தி, ஒரு தரம் சீட்டை நனைத்தல், முன்சீட்டுக்காரரின் வழுக்கைத் தலையைத் தட்டித் தட்டிப் பார்த்தல். பராக்குக் காட்டுவதற்காக, இறங்கிப் போகிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாக டாட்டா காட்டச் சொல்லிக் கொடுத்தாள். அதை மட்டும் சமர்த்தாகச் செய்தது.

இவ்வளவு பாடுபட்டு வந்தது அவளுக்காக இல்லை. போன மாதம் அவளுக்கும் காய்ச்சல் வந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கண் விழித்தபோது பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய மூடிய இமையை விரலால் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிவிட்டால் இதை யார் தூக்குவார்கள் என்ற எண்ணம் அன்றைக்கு அவள் வயிற்றில் இறங்கியது, பிறகு போகவில்லை. அவள் பக்கம் சொல்லிக்கொள்ள ஒரு நாதியில்லை. அதனால் நாத்தனார் தானாகக் கூப்பிட்டபோது ரோஷத்தை முழுங்கிக்கொண்டு சரியென்றாள். அவன் மட்டும் உயிரோடிருந்தால் விட்டிருக்க மாட்டான். "எங்க வேணா போ, அந்த வீட்டுக்கு மட்டும் வேணாம்" என்பான். ஏன் என்று கேட்டால், "அங்க ஒரு ஆளு இருக்கான். அவன் மூஞ்சில முழிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல" என்று பேச்சை மாற்றிவிடுவான். அண்ணனைச் சொல்கிறான், ஏதோ பழைய மனத்தாங்கல் என்று அவள் நினைத்திருந்தாள்.

தெருவின் கடைசியில் தனியாக நின்றது வீடு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தும், உள்ளே ஜன்னல்களையெல்லாம் சாத்திவைத்திருந்தார்கள். நாள்கணக்கில் மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே அந்த ஈரத்துணியும் பழைய மரமும் கலந்த வாடை, அது தரையிலிருந்தே எழும்புவதுபோல் வந்தது. கால் கழுவப் போனாள். குழாயை எப்போதும்போல் திருகினாள், அது இன்னும் இறுகியது. எதிர்ப்பக்கம் திருகியதும் தண்ணீர் கொட்டியது.

நாத்தனார் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கூடத்தின் நடுவில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். தோள், முழங்கை, இடுப்பு, கணுக்கால் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று பார்த்தாள். எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவளுக்கு, தன்னை ஒருத்தி அளவெடுப்பது தெரியாமல் போகுமா. உடம்பு கூசியது. ஆனால் அடுத்து வந்த கேள்விகள் அந்தக் கூச்சத்தைப் போக்கிவிட்டன.

"புள்ளைய எந்தப் பக்கம் வச்சுக்குவ?"

"வலது பக்கந்தான் அண்ணி. இந்தக் கை வேலைக்கு வேணுமே."

"சோறூட்டறப்ப என்ன சொல்லி ஊட்டுவ?"

"அம்மாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய்னு சொல்லணும். நிலா வந்தாத்தான் முழுங்குவா."

"தூக்கம் வந்தா?"

"காத நெருடுவா. அப்ப முதுகுல மெதுவா தட்டணும். வேகமாத் தட்டினா சிணுங்குவா."

நாத்தனாரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன, மனப்பாடம் செய்கிற பிள்ளையைப் போல. இத்தனை மாதத்தில் அவளிடம் ஒரு மனுஷி இதையெல்லாம் கேட்டதில்லை. என்ன பாட்டு பிடிக்கும், எதற்குப் பயப்படும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளே சொல்லிக் கொடுத்தாள். கடைசியில், "எனக்கு ஒண்ணுன்னா இவளப் பாத்துக்க யாராவது வேணும் அண்ணி, அதுக்குத்தான் வந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான கூப்ட்டோம்" என்றாள் நாத்தனார்.

சாத்தியிருந்த பின்னறைக்குள் யாரோ இருமினார்கள்.

"உள்ள யாரு அண்ணி?"

"நம்ம வீட்டு ஆளுதான். உனக்குப் படுக்க வேற ரூம் இருக்கு. குளிச்சிட்டு ஒரு கண் அசந்து எந்திரி. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவள் எதை வேண்டுமானாலும் மன்னித்திருப்பாள். குளித்து நைட்டியை மாட்டிக்கொண்டு, கழற்றிய பச்சைச் சுடிதாரைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டாள். பட்டாணி கூடத்தில் ஒரு டம்ளரை உருட்டி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தலை சாய்த்ததுதான் தெரியும்.

தூக்கத்தின் அடியில் ஒரு குரல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய் என்று இழுத்து இழுத்து. அந்தக் குரலில் முதலில் ஏதோ இடறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடறல் குறைந்தது. அது அவளுடைய குரல். நாம்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறோம், கனவு காண்கிறோம் என்று நினைத்தாள். "அம்மா இல்ல" என்றது பட்டாணி. குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. "அம்மா இல்ல." மறுபடி. எழுந்திருக்க நினைத்தாள். கைகால் எழவில்லை. நிலாவுக்கு ஒரு வாய் என்றது குரல், பிசிறில்லாமல்.

பிறகு குழந்தை முழுங்கியது.

"அம்மா" என்றது.

அவள் விழித்தபோது அறையில் வெளிச்சம் மங்கியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டம்ளர் உருளும் சத்தம் இல்லை. சிணுங்கல் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு இப்படி இருக்காது. பட்டாணி என்று கூப்பிட்டாள். குரல் பஞ்சில் விழுந்ததுபோல் அவள் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

கூடத்துக்கு ஓடினாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து, குழந்தை சாப்பிட்ட கிண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பட்டாணி எங்க?"

"ஊருக்குக் கிளம்பியாச்சு."

"யாரோட?"

"அவங்க அம்மாவோட."

வாசல் கதவு. தாழ்ப்பாள் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் தடவினாள். இழுத்தாள். அடித்தாள். தோளால் மோதினாள். மரம் கொஞ்சமும் அதிரவில்லை. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் கொதிக்கக் காத்திருப்பவர்போல.

"உனக்கு ஒண்ணுன்னா புள்ளைய யார் பாப்பான்னு கேட்ட இல்ல" என்றாள் நாத்தனார். "ஆள் அனுப்பியாச்சு. இனி நீ கவலப்படாம இரு."

ஜன்னல். சாத்தியிருந்த ஜன்னல் கதவை அவள் நகத்தால் பெயர்த்துத் திறந்தாள். கம்பி. கம்பிக்கு வெளியே தெரு, சாயங்கால வெளிச்சம், பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போகிற ஒரு பெண்ணின் முதுகு. பச்சைச் சுடிதார். தோளில் அவளுடைய பை. பின்னல் அவளுடையது. செருப்பின் குதிகாலை ஒருபக்கமாகத் தேய்த்து நடக்கிற நடை அவளுடையது. இடது இடுப்பில் குழந்தை.

"பட்டாணி!"

தெருவில் ஒருவர் சைக்கிளில் போனார். திரும்பவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டை கிழிந்தது.

"கத்தாதீங்க. வெளிய கேக்காது."

பின்னால் ஒரு ஆண்குரல். கைக்கு வாகா இருக்கு என்ற குரல். காய்ச்சலில் கடைசியாக அவள் பெயரைச் சொன்ன குரல். திரும்பினாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அவன் நின்றான். நரைத்த தாடி, வெயில் காணாத தோல். வலது புருவத்தில் இருக்க வேண்டிய வெட்டுத் தழும்பு இடது புருவத்தில் இருந்தது. நைந்துபோன அந்தச் சட்டையில், இந்த வீட்டிலேயே அதில் மட்டும், பட்டன் சரியான பக்கத்தில் இருந்தது. அவன் அவளைப் பார்த்த பார்வையில் அடையாளம் எதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

"நானும் இதே ஜன்னல்ல நின்னு கத்திப் பாத்துட்டேன்" என்றான். "என்ன மாதிரியே ஒருத்தன், என் சட்டையப் போட்டுக்கிட்டுத்தாங்க போனான். கல்யாணம் கட்டினானாம். புள்ள பொறந்துச்சாம். செத்தும் போயிட்டானாம். இவங்க சொல்லித்தான் தெரியும்."

யாரோடு குடும்பம் நடத்தினாள். யாருக்குச் சட்டை தைத்துப் போட்டாள். யாருக்காக அழுதாள்.

இருமிக்கொண்டே அவன் அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தெருமுனையில் பட்டாணி நெளிந்தது. இடது இடுப்பு அதற்குப் பிடிக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்து உதைத்தது, கை எதையோ தேடியது. அழு, அழு என்று அவள் கம்பியைக் கடித்துக்கொண்டு வேண்டினாள். நல்லா அழு. யாராவது வரட்டும். யாராவது கேட்கட்டும்.

பச்சைச் சுடிதார் நின்றது. தலையைச் சாய்த்து, எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல் ஒரு கணம் யோசித்தது. பிறகு குழந்தையைத் தூக்கி வலது இடுப்பில் வைத்துக்கொண்டது.

பட்டாணி அடங்கியது. கட்டைவிரல் வாய்க்குள் போனது. மறு கை மேலேறி அந்தக் காது மடலைப் பிடித்தது. முதுகில் தட்ட ஆரம்பித்தது பச்சைச் சுடிதார். மெதுவாக. சரியான மெதுவில்.

திரும்புகிற இடத்தில் குழந்தை அதன் தோளுக்கு மேலாக வீட்டைப் பார்த்தது. ஜன்னலில் கம்பியைப் பிடித்து நிற்கிற பெண்ணைப் பார்த்தது. வாயிலிருந்து விரலை எடுத்தது.

முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, சமர்த்தாக, டாட்டா காட்டியது.