இடது குழி

எந்தப் பக்க மார்பை எடுத்தார்கள் என்று ஸ்கேன் எடுக்கும் பெண் மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"இடது பக்கம்மா. ஒரு பக்கம் வெறும் மைதானமா கிடக்குதே, கண்ணுக்குத் தெரியலையா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள்.

"சரிக்கா. குப்புறப் படுங்க."

மேசையில் மார்புக்கென்று இரண்டு குழிகள். வலது குழிக்குள் மிச்சமிருந்தது இறங்கித் தொங்கியது. இடது குழியின் மேல் தழும்பு மட்டும், மூடி போட்டதுபோல். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம். நோய் திரும்பியதா இல்லையா என்று இந்தப் படத்தில் தெரிந்துவிடும் என்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, தன்னிடம்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் தன் செருப்பையே தேடத் தெரியாத கணவர், இன்று அவள் செருப்பை எடுத்து வைப்பாரா?

ஊசி வழியே மருந்து சில்லென்று நரம்பில் ஏறியது. வாயில் இரும்பு ருசி. இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் காதில் மாட்டிவிட்டிருந்த ஹெட்போனையும் மீறி, தாடை வழியாகப் பற்களுக்குள் இறங்கி, அங்கேயே தங்கிக்கொண்டது. முகத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருந்த சிறு கண்ணாடியில் அடுத்த அறையின் ஜன்னல் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் முகம்.

சத்தம் நின்றது. ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல்.

"அக்கா, அசையாதீங்க. படம் கலங்குது."

"நான் அசையவே இல்லம்மா."

கண்ணாடியில் அந்தப் பெண் திரைப்பக்கம் குனிவது தெரிந்தது.

"இல்லக்கா... இடது பக்கம் மட்டும்தான் அசையுது."

"திரும்ப வந்துடுச்சா? மறைக்காம சொல்லு."

ஜன்னலில் இப்போது கணவரும் நின்றிருந்தார். அவரை யார் உள்ளே விட்டது? இருவரும் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் பார்த்தார்கள். அந்தப் பெண் பின்வாங்கினாள். அவரும்.

ஜன்னல் காலியானது.

அவசரம் என்றால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். யாரும் வரவில்லை.

இடது குழிக்குள் இளஞ்சூடான காற்று தழும்பைத் தொட்டது. விலகியது. தொட்டது.

அவள் மூச்சை அடக்கினாள்.

அது அடக்கவில்லை.

பிறகு, ஈரமான சின்ன உதடுகள் தழும்பின் ஓரம் முழுவதும் தடவித் தேடி, ஓரிடத்தில் நின்று, கவ்வின.