அரை மீட்டருக்குள்

கடிதத்தில் மூன்றே வரிகள்தான் இருந்தன. படுக்கையறைக் கூரையில் பொருத்தியிருக்கும் புகை அலாரத்துக்கு அரை மீட்டருக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அதை உடனே அகற்றவும். அகற்றிய விவரத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.

மார்லீஸ் ட்ரோஸ்கே கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே அதைப் படித்தாள். பிறகு படுக்கையறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். ஹாலே நகரத்துப் பழைய வீடுகளுக்கே உரிய மூன்றரை மீட்டர் உயரக் கூரை. நடுவில் அப்பளம்போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது அலாரம், வீட்டில் மாட்டியிருந்த மூன்றில் ஒன்று. அதைச் சுற்றி வெறும் சுண்ணாம்புப் பூச்சு. அலமாரியின் தலையே கூரைக்கு ஒரு ஆள் உயரம் கீழேதான் இருந்தது. ஒட்டடை கூட இல்லை.

கருவியைப் பொருத்திய நிறுவனத்துக்குத் தொலைபேசினாள். இருபது நிமிடம் பியானோ இசையைக் கேட்ட பிறகு ஸீமன் என்று ஒரு பெண் பேசினாள்.

"சீலிங்குல ஒண்ணுமே இல்லைம்மா. வெறும் பூச்சுதான்."

"பக்கத்துல எதாவது புகையை மறைக்குதான்னு கருவியே அளந்து எங்களுக்கு அனுப்பும். இருக்குன்னு காட்டுது மேடம். பலூன், தோரணம் மாதிரி எதாவது?"

"எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது. தனியா இருக்கேன். எதுக்கு பலூன் கட்டப்போறேன்?"

"அப்போ எடுத்துட்டு எழுதி அனுப்பிடுங்க மேடம்."

"இல்லாததை எப்படி எடுக்கறது?"

அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை ஏணியை விரித்துப் போட்டு, நீளத் துடைப்பத்தால் கூரையடியில் இருந்த காற்றை நாலு புறமும் பெருக்கினாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கோபம் வந்தால் கைக்கு ஒரு வேலை வேண்டும் அவளுக்கு. நகர நாடக அரங்கின் தையல் கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக நடிகர்களுக்கு அளவெடுத்துத் துணி வெட்டுபவள். பொய் அளவு சொன்ன பாடகர்களையும், வயிற்றை எக்கிக்கொண்டு நின்ற கதாநாயகர்களையும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு பிளாஸ்டிக் வில்லை பொய் சொல்வதா?

இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம், வீட்டு நிர்வாகத்துக்கும் நகல் போட்டு, 'ஒத்துழைக்காத குடியிருப்பாளர்' என்றது. அந்தச் சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் லெம்கே என்ற பணியாள் வந்தார். ஏணியில் ஏறி, கையை விரித்து அளந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கருவியைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார். ஒரு வாரத்தில் அதே கடிதம் திரும்ப வந்தது. அவரையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அம்மா, முதல் கருவி பொய் சொல்லுதுன்னா நம்பலாம். ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்லாது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலையே." அவர் குரல் தணிந்தது. "ஏணியில நிக்கறப்போ எனக்குக் கழுத்துல காத்து பட்டுது. ஜன்னல் இடுக்கு இருக்கும். அதையும் சரிபண்ணச் சொல்லுங்க."

தையல் கூடத்தில் இதைச் சொன்னபோது பொத்தான் தைத்துக்கொண்டிருந்த இல்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"உன் வீட்டுக்காரனைக் கட்டி மேல தொங்கவிட்டிருக்கியா? ஊர்ல எல்லாரும் அவன் டிரெஸ்டனுக்குப் போயிட்டான்னு நினைச்சிட்டிருக்கோம்."

"சிரிடி, சிரி. உனக்கு வந்தா தெரியும்."

"சரி, சும்மா கத்தாதே. உன்னைப் பத்தி அவனுங்க என்னென்ன குறிச்சு வச்சிருக்கானுங்களோ அத்தனையையும் கேளு. சட்டம் இருக்கு. ஒரு மாசத்துல கொடுத்தாகணும்."

அன்றே எழுதினாள். தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவின்படி, என் வீட்டிலுள்ள மூன்று கருவிகளும் பதிவு செய்த ஒவ்வொரு எண்ணும் எனக்கு வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினாள். அடையாள அட்டை நகல் கேட்டார்கள், கொடுத்தாள். நகல் தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடியும் கொடுத்தாள். ஜனவரி கடைசியில் இரண்டு பக்கம் வந்தது. அதில் அவளுடைய பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் இருந்தன. என் பெயர் எனக்குத் தெரியாதா என்று வாசற்படியிலேயே கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் மாநிலத் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான், மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, செங்கல் கனத்தில் ஒரு பொதி வந்து இறங்கியது.

விடுப்பு நாள். மதியம் மூன்று மணி. சமையலறை மேசையில் கறுப்புக் காபியை வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். வெளியே டிராம் திரும்பும் கிறீச்சொலி, மாடிக்காரரின் வானொலி, குளிர்பதனப் பெட்டியின் முனகல், காகித மையின் புளித்த வாடை. தாள் முழுக்க நாலே பத்திகள்: கருவி, தேதி, நேரம், தூரம். ஒன்று படுக்கையறை. இரண்டு வாசற்கதவை ஒட்டிய நடைக்கூடம். மூன்று பின்னறை.

முதல் பக்கத்திலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கும் என்று சொல்லித்தானே மாட்டினார்கள்? இங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்திருக்கிறது. பொருள் நகர்ந்தால் நொடிக்கு நொடி. அவள் உடை மாற்றும் அறையில், அவள் தூங்கும் கட்டிலுக்கு மேலே, நாலு மாதமாக. திருட்டுப் பயல்கள். தப்பு ஒவ்வொன்றையும் சுழித்துக்காட்டி நீதிமன்றத்தில் நாறடிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலை ஓட்டினாள்.

பத்துப் பக்கம் வரை தப்பு ஒன்றும் அகப்படவில்லை. இருபதாம் பக்கத்தில் பென்சில் தானாக மெதுவானது.

இரவு பத்து நாற்பது. படுக்கையறை. அவள் விளக்கணைக்கும் நேரம். காலை ஆறேகால், நடைக்கூடம். குளியலறைக்குப் போக அவள் அதைத் தாண்டும் நேரம். ஏழு பத்துக்கு மறுபடியும் நடைக்கூடம். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். அதற்குப் பிறகு நகர்வே இல்லை. ஏழு பதினொன்று, முப்பத்தொரு சென்டிமீட்டர். ஏழு பன்னிரண்டு, முப்பத்தொன்று. பக்கம் பக்கமாக முப்பத்தொன்று, மாலை ஐந்து நாலு வரை. ஐந்து ஐந்துக்கு அவள் வீடு திரும்புவாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் காஸலில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தத் தேதிகளைத் தேடி எடுத்தாள். நாலு நாளும் வாசற்கதவுக்கு மேலேயே. இரவும் பகலும் முப்பத்தொன்று. இம்மி அசையவில்லை.

அவள் ஏணியில் ஏறித் துடைப்பத்தை வீசிய மாலையைத் தேடினாள். அந்தக் கால் மணி நேரம் மட்டும் படுக்கையறை காலி. பின்னறையில் இருந்திருக்கிறது. லெம்கே வந்த நாளில் முதலில் பின்னறை. பிறகு, அவர் ஏணியில் நின்ற அந்த நேரத்தில், புதிய கருவி பேசிய முதல் நிமிஷத்திலேயே படுக்கையறை. ஒன்பது சென்டிமீட்டர்.

காபி ஆறிப்போயிருந்தது. அவள் தொடவில்லை.

கருவிக் கோளாறு, வேறென்ன என்று கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கோபம் கையில் இருக்கும்வரை நடுக்கம் வராது. பொருள் என்கிறார்களே, அந்தப் பொருளின் வடிவத்தையே வரைந்து முகத்தில் வீசுகிறேன். தாறுமாறான கிறுக்கல்தானே வரப்போகிறது. அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து, துணி வெட்டுவதற்கு முன் வரைகிற கட்டம் போட்ட தாளை எடுத்து மேசையில் விரித்தாள். அது கருவியைக் கடந்து நகர்ந்த நொடிகளைத் தேர்ந்தெடுத்தாள். கூரைக்கு ஒரு கோடு. அதிலிருந்து கீழே, நொடிக்கு ஒரு புள்ளி. இருபத்திரண்டு. பதினெட்டு. பதினேழு. இருபத்தைந்து. பத்தொன்பது.

புள்ளிகளைச் சேர்க்க அளவுகோல் தேவைப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் இதே வளைவுகளை வரைந்த கை அது. பின்தலையின் உருண்டை. அதற்குப் பிறகு பிடரிப் பள்ளம். தோள்பட்டையின் மேடு. சரிந்து இறங்கும் இடுப்புக் குழிவு. அங்கேதான் எப்போதும் நாடாவைப் பிடிப்பாள். அங்கேயே பென்சில் நின்றது.

அடுத்த தாளில் வேறொரு நாளைப் போட்டாள். அதே கோடு. மூன்றாவதில் இன்னொரு நாள். அதே கோடு. இடுப்புக்குப் பிறகு கால்கள் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் தாளின் விளிம்புவரை போயின.

கூரையை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கிறது. முதுகு மேலே.

அப்படியென்றால் முகம் கீழே.

வானொலி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொலைபேசியை எடுத்தாள். பொதியின் மேலிருந்த நேரடி எண்ணை அழுத்தினாள். ஸீமன்தான் எடுத்தாள், முதல் மணியிலேயே.

"ட்ரோஸ்கே மேடம், ஆணையர் கடிதம் எங்களுக்கும் வந்துச்சு. உங்க விஷயத்தை நானேதான் பார்க்கிறேன். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"இப்ப பார்க்க முடியுமா?" குரல் தாழ்ந்து வந்தது. ஏன் தாழ்த்துகிறோம் என்று அவளுக்கே தெரியும். "இந்த நிமிஷம். மூணு கருவியும்."

"பார்க்கலாம். ஒரு நொடி. ம்... பின்னறை காலி. படுக்கையறை காலி. நடைக்கூடம்..." விசைகளைத் தட்டும் சத்தம். "இருக்கு மேடம். முப்பத்தொண்ணு."

மார்லீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. நடைக்கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே உயரமான பழைய கதவு, பாதி திறந்து, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வீட்டைவிட்டு வெளியே போக அந்த ஒரே வழிதான்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்களுக்குக் கோபம் இருக்கும். எனக்குப் புரியுது."

"எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பார்த்துச் சொல்லிட்டே இருங்க. போதும்."

"சரி, சொல்றேன். முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு. அட, மாறுது. இருபத்திரண்டு. பதினெட்டு. பதினேழு. இருபத்தஞ்சு..."

கதவின் மேல் விளிம்பு முனகியது. கீழ்ப் பக்கம் அல்ல. மேல் பக்கம்.

"பத்தொன்பது. இன்னும் ஓடுது மேடம், ரொம்ப நீளமா இருக்கே இது. முப்பது. நாற்பத்திரண்டு." ஒரு பெருமூச்சு. "போயிடுச்சு. நடைக்கூடமும் காலி. மூணுமே காலி, மேடம்."

ஈரச் சுண்ணாம்பு வாடை. கூரைப் பூச்சை எதுவோ தேய்த்துக்கொண்டு வரும் ஓசை. வேட்டியை இழுப்பதுபோல. மெதுவாக. நின்றது. மறுபடியும்.

"சமையலறையில?" என்றாள் மார்லீஸ்.

"சமையலறையில நாங்க கருவி மாட்டறதில்லையே. ஆவி பட்டாலே கத்தும்."

தாளின் மேல், அவள் வரைந்த பிடரி வளைவின் மேல், வெள்ளையாக ஒரு துகள் விழுந்தது. இன்னொன்று. மேசையோரம் தூள் தூளாக.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்வை காபிக் கோப்பையில் இருந்தது. கறுப்பு வட்டத்துக்குள் கூரை விளக்கின் வெள்ளைக் குமிழ் சின்னதாகத் தெரிந்தது. அதன் ஒரு ஓரம் மறைந்தது. பாதி மறைந்தது. முழுக்க மறைந்தது.

"ட்ரோஸ்கே மேடம்," என்றாள் ஸீமன், எழுதி வைத்ததைப் படிக்கும் குரலில், "நீங்க சொன்னது சரிதான். உங்க வீட்டுல ஒரு பொருளும் இல்லை. இத்தனை மாசம் உங்களை அலைக்கழிச்சதுக்கு நிறுவனம் சார்பா மனப்பூர்வமா மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

நாலு மாதம் அவள் சண்டை போட்டது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அது காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, உச்சந்தலையில் அவள் முடி, யாரோ குனிந்து ஊதிப் பார்ப்பதுபோல, நடுவில் மெல்லப் பிரிந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது.