கண்ணில்லாத வேட்டைக்காரர்

சம்பூரில் துசானி வீட்டு வளவில் நாலு பாத்தி பயற்றங்கொடி இருந்தது. கொடி ஏறியிருந்தது அப்பாவின் பழைய வலைகளில். போன மாரியில் கடலுக்குப் போன அப்பா திரும்பவே இல்லை. இப்போது அம்மாவுக்கும் அவளுக்கும் அந்தக் கொடிதான் சோறு.

அதற்கும் கேடுகாலம் வந்தது. ஊசிமுனை அளவுச் சிவப்பு உண்ணிகள் இலைக்கு அடியில் இருந்து சாறு குடித்தன. குடிக்க வந்த உண்ணிக்கு வீட்டுக் கஷ்டம் தெரியுமா என்ன? அம்மா யோகமலர், வலையில் சிக்கிய சாதாளைப் பாசியைப் பொறுக்குவதுபோல, வெளிறிய இலைகளைக் கிள்ளிக் கிள்ளி எரித்தார். உண்ணிகள் கூடினவே தவிரக் குறையவில்லை.

"நாளைக்கு மருந்து அடிக்கப் போறன்," என்றார்.

துசானி ஓர் இலையைப் பள்ளிக்கூட உருப்பெருக்கியால் பார்த்தாள். பளபளப்பான வேறொரு உண்ணி விறுவிறுவென ஓடி, சிவப்பு உண்ணி ஒன்றைப் பிடித்து உறிஞ்சியது. அந்த வேட்டைக்காரருக்குக் கண்ணே கிடையாது. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்?

பப்பாசி இலைத்தண்டுக் குழல் ஒன்றை வெட்டினாள். ஒரு முனையில் நல்ல இலை. மறுமுனையில் கடிபட்ட இலை, உண்ணிகளைத் தட்டிவிட்டு வைத்தாள். நடுவில் துளை போட்டு, ஈர்க்கு நுனியால் வேட்டைக்காரரை உள்ளே விட்டாள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை கடிபட்ட இலைப் பக்கமே வெளியே வந்தார்.

"அம்மா, கடிபட்ட இலை ஒரு மணம் விடுது. அந்த மணத்துக்குத்தான் இவை வருகினம். நீங்கள் இலையோட இவையையும் சேர்த்தெல்லோ எரிச்சிட்டியள்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "உன்ர கதையை நம்பி எல்லாம் போச்சுதெண்டால் என்னத்தைத் தின்னுறது, பிள்ளை?"

"ஒரு பாத்தியை மட்டும் விடுங்கோ. மருந்தும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம்."

அந்தப் பாத்தியில் மருந்து படாமல் அம்மா நடுவில் படங்குச் சீலை கட்டி, மற்ற மூன்று பாத்திக்கும் மருந்து அடித்தார். அவை பச்சையாகத் தெளிந்தன. துசானியின் பாத்தி பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கிணற்றடியில் இருந்து அழுதாள்.

மூன்றாவது வாரம் சிவப்பு உண்ணிகள் மறுபடி பெருகின. மருந்து அடித்த பாத்திகளில் அவற்றைப் பிடிக்க யாரும் மிஞ்சவில்லை. கொடிகள் வலையோடு காய்ந்தன. வேட்டைக்காரர் பெருகியிருந்த துசானியின் பாத்தி மட்டும் புதுத் துளிர் விட்டது.

அம்மா காய்ந்த கொடிகளைப் பிய்த்து எறிந்தார். பிறகு வந்து, துசானியின் பாத்தியில் வெளிறிய இலை ஒன்றை முகர்ந்து பார்த்தார்.

"எனக்கொண்டும் மணக்கேல்லையே."

"உங்களுக்கில்லை அம்மா. அவைக்கு."

அம்மா அந்த இலையைக் கிள்ளவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பாத்தியில் ஒரு பிடி பயற்றங்காய் ஆய்ந்தார்கள். மத்தியானக் கறிக்கு இரண்டு பேருக்கும் அது போதுமாயிருந்தது.