பாதிக் குளம்பு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காட்டுக்குள் போகவும் வேண்டும், போன மாதிரித் தெரியவும் கூடாது. அதற்கும் ஒரு கருவி வந்துவிட்டது. பெயர் சுவடழிப்பி. மலை சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டிச் சோற்று டப்பா அளவில் தொங்கும். சக்கரம் கிழித்த மண்ணைச் சீவிச் சமன் செய்து, மேலே பூஞ்சை வித்துகளைத் தூவும். கால்மணி நேரத்தில் மண் இறுகிவிடும். சனி ஞாயிறில் இருநூறு சைக்கிள் ஓடினாலும் திங்கட்கிழமை ஒரு கோடு இருக்காது. அது மாட்டாத வண்டியைக் காட்டுக்குள் விடக் கூடாது என்று சட்டம். கரடிப்பாறைச் சோதனைச்சாவடியில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடும் ஆறுக்குட்டிக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுகிர்தா சாவடிக்கு ஓடி வந்தாள். முந்தின நாள் சைக்கிளில் போன தம்பி பிரணவ் திரும்பவில்லை. விலங்குகளுக்குத் தொந்தரவு என்று காட்டுக்குள் அலைபேசி அலையைத் தடுத்திருந்தார்கள். வனச்சரகர் ஜெபராஜ் பறக்கவிட்ட வேவுத்தும்பியும் மரத்தலைகளைத்தான் படம் பிடித்துக்கொண்டு வந்தது.

“எல்லாப் பாதையும் பாத்தாச்சும்மா. ஒரு தடமும் இல்ல.”

“எப்படி சார் இருக்கும்? அதை அழிக்கத்தானே டப்பா மாட்டச் சொன்னீங்க!”

ஜெபராஜ் வேவுத்தும்பியை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

“வாங்கம்மிணி, நடந்து பாப்போம்” என்று ஆறுக்குட்டி கிளம்பினார். ஜெபராஜும் கூட வந்தார். யானைப் பள்ளத்துக்கு இறங்கும் வழியில் ஆறுக்குட்டி நின்றார். அங்கே யாரும் போகக் கூடாது என்று சங்கிலி கட்டியிருந்தது.

“எந்தம்பி விதி மீற மாட்டாங்கய்யா.”

“தடமே உழுகாதுன்னா யாருங்கம்மிணி மீறாம இருப்பா?”

சங்கிலிக்கு அந்தப் பக்கம் இரவில் மான்கூட்டம் ஈர மண்ணைக் குறுக்கே மிதித்துப் போயிருந்தது. ஆறுக்குட்டி குந்தினார். ஒரு குளம்பு பாதிதான் பதிந்திருந்தது. மறுபாதி இருக்க வேண்டிய இடம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினார். அமுங்கவில்லை.

“சரகரே, மானுக்குப் பாதிக் காலுங்களா இருக்குது? மீதிய இந்த மண்ணு வாங்கல. உங்க டப்பா போன கோடு இதுதானுங்.”

பாதிக் குளம்புகளைத் தேடித் தேடி இறங்கினார்கள். நடுவில் இரண்டு முறை கோடு தவறியது. பத்து மணிக்குப் பள்ளத்துப் பாறையிடுக்கில் பிரணவ் கிடந்தான். கால் முறிந்து, உதடு வெடித்திருந்தது.

“யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்க்கா” என்றான்.

அறையக் கை ஓங்கிய சுகிர்தா, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் வாயில் வைத்தாள்.

நான்கு மாதம் கழித்து அவனே மறுபடி வந்து நின்றான். வண்டி புதிது, டப்பாவும் புதிது.

“நீங்க கண்டுபிடிச்ச குறையக் கம்பெனிக்கு எழுதினேங்கய்யா. சரி பண்ணிட்டாங்க. இப்ப இதுவே மண்ணு மேல மான் குளம்பு பதிச்சிரும். அந்தக் கோடும் தெரியாது!”

“மறுக்கா உழுந்தீன்னா?”

“விழ மாட்டேங்கய்யா. நல்ல வண்டி.”

“போன தடவ மட்டும் ஓட்ட வண்டியிலயா வந்தே?”

பிரணவ் சிரித்துக்கொண்டே மிதித்தான். வண்டிக்குப் பின்னால் அச்சு அச்சாகக் குளம்புகள் விழுந்தன. ஆறுக்குட்டி குனிந்து பார்த்தார். எல்லாம் வலது முன்னங்கால். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே சின்ன வெட்டு.

“எப்படிங்கய்யா இருக்கு?” வளைவிலிருந்து கத்தினான்.

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். சொன்னால் அதையும் எழுதிப் போட்டுச் சரி பண்ணிவிடுவான். அப்புறம் இவனை எங்கே போய்த் தேடுவது?

“மான் குளம்பாட்டமே இருக்குது, போ!”

வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தார். வழியில் குளம்புத் தடம் ஒன்று குறுக்கே போயிருந்தது. குனிந்து, அந்த வெட்டு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போனார்.