சூடம் கேட்ட லாரி

முப்பத்தொன்றாவது கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு இரண்டாம் முறையாக மூச்சு முட்டியது.

அறிவுக்கொடி ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தாள். வண்டியோ குழந்தை தள்ளும் நடைவண்டி வேகத்தில் நகர்ந்தது. முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே ஒரு பெண் குரல், கல்யாண மண்டபத்து வாசலில் வரவேற்கிற இனிமையோடு பேசியது.

"இரண்டாம் சிவப்பு பதிவாகியுள்ளது. மூன்றாம் சிவப்பில் இந்த வாகனம் நிரந்தரமாக உறங்கும். நன்றி."

நன்றியாம்! அறிவுக்கொடிக்கு அந்தக் குரலை இழுத்துப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் குரலுக்குக் கன்னம் கிடையாது.

டீசல் ஒழிப்புச் சட்டம் வந்து பதினோராவது ஆண்டு அது. சமவெளியெங்கும் மின்லாரிகள்தான் ஓடின. பாரத்தோடு ஏறும்போது அவை பாதி வழியில் படுத்துவிடுகிற மலைச்சாலைகளில் மட்டும் பழைய டீசல் வண்டிகளுக்கு அனுமதி. கொல்லிமலை அப்படியொரு சாலை, எழுபது வளைவுகள். அனுமதியிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் 'புகைமதி' இருக்க வேண்டும்.

புகைமதி என்பது புகைக்குழாயோடு சேர்த்து ஒட்டவைத்த, தானாகக் கற்கும் ஒரு பெட்டி. எஞ்சின் கக்கும் கரியைக் 'கரிவடி' என்ற சல்லடை பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிறைந்ததும் புகைமதி சூட்டை ஏற்றிக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். மலையில் எரிக்கக் கூடாது. காய்ந்த சருகு பற்றிக்கொள்ளும். ஆகவே அடிவாரத்திலேயே எரித்து முடித்துவிட வேண்டும். எரிக்காமல் ஏறினால் கரி அடைத்து வண்டிக்கு மூச்சு முட்டும், சிவப்பு விழும். எப்போது எரிப்பது என்பதை ஓட்டுநரின் பழக்கங்களைப் பார்த்துப் பார்த்துப் புகைமதியே கற்றுக்கொள்ளும். அதைத் திறக்கவோ அழிக்கவோ யாருக்கும் உரிமையில்லை. முன்னொரு காலத்தில் திறந்து பார்க்க விட்டதில்தான் எல்லோரும் ஏமாற்றினார்கள்.

இதனால் ஒரு சங்கடம். பழைய லாரி வாங்கினால் முந்தைய ஓட்டுநரின் பழக்கமும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

அறிவுக்கொடி இந்த வண்டியை வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினாறு வருடம் கோழித் தீவன ஆலையில் மூட்டை தைத்தாள். இப்போது மலைக்கு அரிசி ஏற்றுகிறாள், மிளகும் அன்னாசியும் இறக்குகிறாள். செம்மேட்டுக் கடைக்காரர்கள் 'லாரிக்கார அக்கா' என்று கூப்பிடும்போது ஒரு சுற்று பருத்துவிடுவாள். வண்டி உறங்கிவிட்டால் மறுபடியும் கோணி ஊசிதான்.

சேந்தமங்கலத்து மெக்கானிக் இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்துவிட்டு எழுந்து வந்தார்.

"யூரியாக் கரைசல் மாத்தியாச்சு, குழாயெல்லாம் பாத்தாச்சுங்க. வண்டில ஒரு கோளாறும் இல்ல. புகைமதிக்குத்தான் ஏதோ மனக்குறை. பழைய டிரைவரக் கேட்டுப் பாருங்க."

பழைய டிரைவர் நாச்சிமுத்து ஒன்பது வருடம் அந்த வண்டியை ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணைக் கெடுத்ததால் ஸ்டியரிங்கை விட்டவர், இப்போது மின்ஸ்கூட்டர்களுக்கு மின்னேற்றும் கடை வைத்திருந்தார். அறிவுக்கொடி அங்கே போய் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, உங்க வண்டி மலையேற மாட்டேங்குது. உங்க கையில மட்டும் எப்படிங்க ஏறுச்சு?"

"அதா? ஒம்பது வருசத்துல ஒரு சிவப்பு வாங்குனதில்லீங்கம்மணி. தங்கம்!" என்றவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "நல்லா இருக்குதுங்களா?"

மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி விசாரித்தார். அறிவுக்கொடிக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் பாதி போய்விட்டது.

"நல்லா இல்லீங்க. இன்னொரு சிவப்பு வந்தா உசுரு போயிரும். மலையேறதுக்கு முன்னால நீங்க என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"என்ன பண்ணுவேன்... காரவள்ளி அடிவாரத்துல நிறுத்துவேன். கருப்பனாருக்கு ஒரு சூடம் பொருத்துவேன். கும்புட்டுட்டு ஏறிருவேன்."

"எஞ்சினை அமத்திட்டுத்தானுங்க?"

"அமத்தறதா? சாமி கும்புடறப்ப வண்டி உசுரோட இருக்கோணுமில்லீங்க? ஓடிட்டேதான் இருக்கும். ஒரு கால்மணி நேரம்."

"சூடத்த எங்க வெப்பீங்க?"

"பம்பர் மேல. நடு மத்தில."

அறிவுக்கொடி தலையில் கை வைத்துக்கொண்டாள். பம்பரின் நடு மத்திக்கு நேர் மேலேதான் எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் இருந்தது. அந்த வாயில் 'முன்மோப்பி' என்ற கருவி. உள்ளே வரும் காற்று எப்படியிருக்கிறது என்று முகர்ந்து சொல்வது அதன் வேலை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் அது கற்பூரப் புகையை முகர்ந்திருக்கிறது. புகைமதியும் பாடம் படித்திருக்கிறது: கற்பூர வாசனை வந்தால் மலை வரப்போகிறது, கரியை எரி. வரவில்லையா, சும்மா இரு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறிவுக்கொடியின் அப்பா சாகும்வரை கறுப்புச் சட்டையைக் கழற்றாதவர். மகளுக்குப் பெயர் வைத்ததே அறிவு என்று தொடங்க வேண்டும் என்பதற்காக. வாங்கிய அன்று வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்று சொன்னவர்களிடம், ஊறுகாய் போடத் தருகிறீர்களா என்று கேட்டவள் அவள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி காரவள்ளியில் நின்றது. நாச்சிமுத்துவும் கூடவே வந்திருந்தார். முதலில் அவள் கற்பூரம் இல்லாமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆயிற்று. கரிவடி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் முள் எண்பத்திரண்டில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தது.

"புதுப் பழக்கம் சொல்லித்தர முடியாதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"நூறு தடவ ஏறி எறங்குனாத்தான் மறக்குமாமுங்க. எனக்கு ஒரு சிவப்புத்தான் பாக்கி."

அவர் கற்பூர டப்பாவை நீட்டினார். அறிவுக்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்பாவின் கூட்டாளிகள் யாரும் இல்லை. கூச்சத்தில் காது சூடாக, பம்பர் மேல் ஒரு வில்லையை வைத்துப் பற்றவைத்தாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் தொடாமலே எஞ்சினின் சுருதி ஏறியது. புகைக்குழாயிலிருந்து அனல் அடித்தது. முள் எழுந்து நடந்தது: எழுபது, ஐம்பத்தைந்து, முப்பது, பன்னிரண்டு.

நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருப்பனார் கண்ணத் தொறந்துட்டாருங்கம்மணி!"

"கருப்பனார் இல்லீங்கண்ணா. முன்மோப்பி."

"பேரு எதா இருந்தா என்னங்க, ஏறுதில்ல?"

ஏறியது. எழுபது வளைவும் ஏறியது. கடைசி வளைவில் பச்சை விளக்கு எரிந்தபோது அறிவுக்கொடி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பார்வை மங்கிய கண்ணால் மலையை ரொம்ப நேரம் பார்த்தார்.

ஏழு மாதம் கழித்து வாகனப்புகை வாரியத்திலிருந்து பெனடிக்ட் என்ற ஆய்வாளர் வந்தார். வந்தவர் முகமெல்லாம் பல்.

"மேடம், மாநிலத்துலயே சுத்தமான டீசல் வண்டி உங்களோடதுதான். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! உங்க புகைமதி படிச்சதை அப்படியே நாலாயிரம் வண்டிக்கு ஊத்தப் போறோம். ஒரேயொரு கேள்வி கேக்கணும், சம்பிரதாயத்துக்கு. வண்டிக்கு ஏதாவது விபரீதமான பழக்கம் இருக்கா?"

இந்த மதிப்பெண்ணின் ரகசியம் அறிவுக்கொடிக்கு அதற்குள் புரிந்திருந்தது. உள்ளே வரும் காற்றின் அழுக்கை வெளியே போகும் காற்றின் அழுக்கிலிருந்து கழித்து, மிச்சத்தைத்தான் வண்டியின் குற்றமாகப் புகைமதி எழுதும். ஊர்ப்புழுதிக்கு வண்டி பழி சுமக்கக் கூடாது என்பதற்காக வைத்த நியாயமான கணக்கு அது. முன்னால் கற்பூரம் புகைந்தால் உள்ளே வரும் காற்றே அழுக்கு. கழித்துப் பார்த்தால் வண்டி சுத்தம். பாவம், புகைமதிக்கு மலையைப் பற்றியும் தெரியாது, சாமியைப் பற்றியும் தெரியாது. மார்க்கு வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பழக்கம் கெட்ட புகைமதி உள்ள வண்டியை அந்த இடத்திலேயே உறங்க வைப்பார்கள்.

"ஒண்ணுமில்லீங்க சார்," என்றாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மழை முடிந்து தை பிறந்தபோது காரவள்ளி அடிவாரத்தில் தினமும் முப்பது நாற்பது லாரிகள் வரிசையில் நின்றன. எல்லா எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா பம்பரிலும் கற்பூரம் எரிந்தது. வாரியம் ஊற்றிய பாடம் சூடமில்லாமல் ஏற விடாது என்பதை ஓட்டுநர்கள் ஒருவர் வாயால் ஒருவர் தெரிந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் பிந்தியவர்கள், முன்வண்டிகளின் மணத்தில் தங்கள் வில்லை வண்டிக்குத் தெரியாமல் போகுமோ என்று பயந்து, இரண்டு வில்லையாக வைத்தார்கள். அன்னாசித் துண்டு விற்கும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு விற்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூச்சு இழுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு உட்கார பெஞ்சு போதவில்லை. வாரியமோ, லாரிகள் அனுப்பிய கணக்கையெல்லாம் கூட்டி, அந்தச் சாலைக்கு 'மாசற்ற சாலை' விருது கொடுத்துப் பலகை நட்டுவிட்டுப் போனது.

ஒருநாள் வரிசையோரம் அன்னாசி விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, குழந்தையின் முதுகைத் தடவியபடி சுகாதார நிலையத்தை நோக்கி ஓடுவதை அறிவுக்கொடி பார்த்தாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அங்கேயே நின்று பெனடிக்டுக்குப் போன் போட்டாள்.

"சார், நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டனுங்க. என்ற வண்டி சூடத்துக்குப் பழகுனது. மார்க்கெல்லாம் பொய். நீங்க ஊத்துன நாலாயிரத்துக்கும் அதே வியாதிதான். என்ற வண்டிய உறங்க வெச்சாலும் வெச்சுக்கங்க, இத நிறுத்துங்க."

அந்தப் பக்கம் விரல்கள் எதையோ தட்டுவது கேட்டது.

"மேடம், இப்பத்தான் பாத்தேன். உங்க வண்டி சுத்தம். அதோட கணக்கைச் சரிபார்க்க மத்த வண்டிகளைக் கேக்கணும்னு விதி. நாலாயிரமும் சுத்தம்னுதான் சொல்லுது."

"அதெல்லாம் என்ற வண்டிகிட்டப் படிச்சதுங்க சார்! இங்க வந்து ஒருக்கா மூச்சிழுத்துப் பாருங்க!"

"மனுஷன் மூச்சைக் கணக்குல எடுத்துக்க முடியாதுங்க. டிரைவர் சொல்றதைக் கேக்கக் கூடாது, வண்டி சொல்றதைத்தான் கேக்கணும்னுதானே சட்டமே வந்தது?" அவர் குரலில் கோபமில்லை, உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. ரெண்டு நாள் ஓய்வெடுங்க மேடம்."

அவள் போனை வைத்தாள். வண்டியைக் காவு கொடுக்கத் துணிந்து வந்தவளிடம் வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதுவரை யார்மேலும் வந்ததில்லை அப்படியொரு ஆத்திரம். அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "அக்கா, உங்க முறை! சீக்கிரம் பொருத்துங்க, மலைல அரிசிக்குக் காத்துட்டிருப்பாங்க!"

மேலே அரிசிக்குக் காத்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். அறிவுக்கொடி இறங்கிப்போய், இருமிக்கொண்டே தீக்குச்சியை உரசினாள். புகைமதி நிம்மதியாக உறுமத் தொடங்கியது.